துடைத்த பிறகும் கோடு விழுவது ஏன்?

நமது சங்கத்துப் பொங்கல் விழா முடிந்த பின், பொங்கல் வைத்த அண்டாக்களையும் கரண்டிகளையும் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தோம். அப்போது மாரேட்பள்ளியில் வசிக்கும் சகோதரி ஒருவர் என்னிடம் வந்தார்.

"மாமா, நீங்க ரயில்வேயில எஞ்சினீயரா இருந்தவர்தானே? ஒரு சந்தேகம். பையன் புதுசா ஸ்டீல் கதவு போட்ட ஃபிரிட்ஜ் வாங்கிக் கொடுத்திருக்கான். எவ்வளவு துடைச்சாலும், காய்ஞ்சதும் வெள்ளை வெள்ளையா கோடு தெரியுது. ஊர்ல எங்க அம்மாவோட எவர்சில்வர் குடம் நாப்பது வருஷமா கண்ணாடி மாதிரி இருக்கு. அது எப்படி?" என்று கேட்டார்.

நின்றபடியே இரண்டு வார்த்தை பதில் சொல்லி அனுப்பினேன். ஆனால் இதே கோட்டுக்காக என் வீட்டில் நான் ஒருவரைத் தவறாகக் கோபித்துக்கொண்ட கதையும் உண்டு. அதையும் சேர்த்துச் சொன்னால்தான் பதில் முழுமையாகும் என்று தோன்றியதால் இக்கட்டுரை.

என் வீட்டில் நடந்தது

பணி ஓய்வு பெற்ற பின் மல்காஜ்கிரியில் ஒரு பிளாட்டில் குடியிருக்கிறோம். குழாயில் பெரும்பாலும் போர் தண்ணீர்தான் வரும். குடிப்பதற்கு ஆர்.ஓ. இயந்திரம் வைத்திருக்கிறோம். அந்த இயந்திரம் ஒரு குடம் நல்ல தண்ணீர் கொடுப்பதற்குள் அதைவிட அதிகமான தண்ணீரைக் கழிவாக வெளியே தள்ளும். ஹைதராபாத்தில் கோடைக்காலத்தில் டாங்கர் லாரிக்குக் காத்திருந்தவர்களுக்குத் தண்ணீரின் அருமை தெரியும். எனவே அந்தக் கழிவுத் தண்ணீரை ஒரு வாளியில் பிடித்து வைத்தேன். "மிஷினில் வடிகட்டிய தண்ணீர்தானே, இதிலேயே ஃபிரிட்ஜ், அடுப்பு, சிம்னி எல்லாவற்றையும் துடைத்துவிடுங்கள்" என்று வீட்டு வேலைக்கு வரும் அம்மாவிடம் சொல்லி வைத்தேன்.

அவரும் தினமும் காலையில் துடைப்பார். பத்து மணிக்குள் கதவு காய்ந்துவிடும். காய்ந்ததும் மேலிருந்து கீழாக வெள்ளைக் கோடுகள் தெரியும். "துணியைச் சரியாக அலசுவதில்லை, அவசரம் அவசரமாகத் துடைக்கிறீர்கள்" என்று என் அரைகுறைத் தெலுங்கில் குறை சொன்னேன். "பாகானே துடிச்சானு சார்" என்றார். நன்றாகத்தான் துடைத்தேன் என்கிறார். நான் நம்பவில்லை. மூன்றாவது முறை சொன்னபோது முகம் வாடிப் போனவர், மறுநாள் வேலைக்கு வரவில்லை.

என் மனைவி அதிகம் பேசுகிறவள் அல்ல. வாளியையும் துணியையும் என் முன்னால் வைத்து, "இன்னைக்கு நீங்களே துடைச்சுப் பாருங்க" என்றாள். நாற்பது வருடம் இயந்திரங்களோடு இருந்தவன் என்ற பெருமையோடு துடைத்தேன். பத்து மணிக்கு அதே கோடுகள், அதே இடங்களில் நின்றன.

பிறகுதான் புத்தி வந்தது. ஆர்.ஓ. பழுது பார்க்கும் பையன் தந்துவிட்டுப் போன, பேனா போன்ற டி.டி.எஸ். மீட்டரை எடுத்து மூன்று தண்ணீரையும் அளந்தேன். இயந்திரத்திலிருந்து வந்த குடிநீர் 60. குழாய்த் தண்ணீர் 900. வாளியில் நான் சேர்த்து வைத்த தண்ணீர் 1500! குழாய்த் தண்ணீரில் உள்ள உப்பை எல்லாம் ஆர்.ஓ. இயந்திரம் ஒதுக்கித் தள்ளுவது அந்தக் கழிவு நீரில்தான். வடிகட்டிய தண்ணீர் என்று நினைத்து, உப்பு செறிந்த தண்ணீரை எடுத்துக் கதவில் பூசச் சொல்லியிருக்கிறேன்.

கொதிகலன் கற்றுத் தந்த பாடம்

இது எனக்குத் தெரியாத விஷயம் அல்ல என்பதுதான் வெட்கம். எண்பதுகளில் நான் பயிற்சியாளனாகச் சேர்ந்தபோது நீராவி எஞ்சின்கள் ஓடிக்கொண்டிருந்தன. குறிப்பிட்ட நாட்களுக்கு ஒரு முறை எஞ்சினை ஷெட்டுக்குக் கொண்டுவந்து, ஆறவைத்து, கொதிகலனின் அடைப்பான்களைத் திறந்து உள்ளே தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவுவோம். 'வாஷ் அவுட்' என்று பெயர். உள்ளிருந்து சேறும், ஓடு ஓடாக வெள்ளைப் படிவமும் வந்து விழும். அந்தப் படிவம் வெப்பத்தைத் தண்ணீருக்குப் போகவிடாது. அதனால் கரி அதிகம் செலவாகும். கவனிக்காமல் விட்டால் உலோகம் அளவுக்கு மீறிச் சூடேறி ஆபத்தும் வரும். ஆகவே எந்த ஸ்டேஷன் தண்ணீர் நல்லது, எந்த ஸ்டேஷன் தண்ணீர் கெட்டது என்பதில் ரயில்வே மிகுந்த கவனம் செலுத்தியது. கெட்ட தண்ணீரைச் சுண்ணாம்பும் சோடாவும் கலந்து மென்மையாக்கிய பிறகே எஞ்சினுக்குக் கொடுப்பார்கள்.

தத்துவம் எளிது. மழைநீர் மண்ணிலும் பாறையிலும் இறங்கும்போது கால்சியம், மக்னீசியம் உப்புகளைக் கரைத்துக்கொள்கிறது. இதைத்தான் கடின நீர் என்று பள்ளியில் படித்தோம். தண்ணீர் ஆவியாகும். உப்பு ஆவியாகாது, இருந்த இடத்திலேயே தங்கிவிடும். கொதிகலனில் நடப்பதும் ஃபிரிட்ஜ் கதவில் நடப்பதும் ஒன்றே. அங்கே நெருப்பு காய்ச்சுகிறது, இங்கே மின்விசிறிக் காற்று காய்ச்சுகிறது.

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். ஈரத்துணியால் கதவைத் துடைத்து அப்படியே விட்டால் சுமார் 20 மில்லி தண்ணீர் அதில் தங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். லிட்டருக்கு 1500 மில்லிகிராம் உப்பு உள்ள தண்ணீரானால், காய்ந்த பின் கதவில் 30 மில்லிகிராம் வெள்ளைத் தூள் தங்கும். 60 உள்ள தண்ணீரானால் 1 மில்லிகிராமுக்குச் சற்று மேல், கண்ணுக்கே தெரியாது. ஆக, பெரும்பாலான கோடுகள் துடைக்காமல் விட்ட அழுக்கு அல்ல. துடைத்த தண்ணீர் விட்டுச் சென்ற உப்பு. மீண்டும் மீண்டும் அதே தண்ணீரில் துடைத்தால் கோடு கூடுமே தவிர குறையாது.

நமது நகரத்துக்கு இது ஏன் பெரிய தொல்லை? 1908ஆம் ஆண்டு மூசி வெள்ளத்துக்குப் பின் கட்டப்பட்ட உஸ்மான் சாகர் (1920), ஹிமாயத் சாகர் (1927) ஏரிகள் ஒரு காலத்தில் நகரம் முழுவதற்கும் தண்ணீர் கொடுத்தன. பிறகு மஞ்சீரா, கிருஷ்ணா, கோதாவரி என்று தூரத்து ஆறுகளிலிருந்து குழாய் வந்தது. ஏரித் தண்ணீரிலும் ஆற்றுத் தண்ணீரிலும் பொதுவாக உப்பு குறைவு. அது போதாத இடங்களில் பாறையைத் துளைத்து ஆழ்குழாய் போட்டோம். பாறை இடுக்கில் வெகுகாலம் நின்ற தண்ணீரில் உப்பு ஏறியிருக்கும். இந்தியத் தர நிர்ணயப்படி (ஐ.எஸ். 10500) குடிநீரின் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது. வேறு வழி இல்லையென்றால் 600 வரை அனுமதி. அந்த 600ஐ எட்டும் ஆழ்குழாய்கள் நம் பகுதிகளில் அபூர்வம் அல்ல.

எவர்சில்வர் என்றும் வெள்ளியா?

நம் வீடுகளில் பெயர் வெட்டிய சொம்பும் சம்புடமும் இல்லாத சீர்வரிசை கிடையாது. அதற்கு எவர்சில்வர் என்று நம்மவர்கள் வைத்த பெயர் அழகானது. ஆனால் அந்தப் பெயரை நம்பி அதற்கு ஒன்றுமே ஆகாது என்று நினைத்துவிடக் கூடாது.

1912இல் ஜெர்மனியின் குருப் ஆலையிலும், 1913இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஹாரி பிரியர்லி என்பவராலும் இந்த உலோகம் உருப்பெற்றது. பிரியர்லி தேடியது பாத்திரம் அல்ல, துப்பாக்கிக் குழல் தேயாமல் இருக்க ஓர் எஃகு. தமிழ்நாட்டில் சேலம் உருக்காலை 1981 முதல் இதன் தகடுகளை உருட்டித் தருகிறது. 1988 முதல் நம் சில்லறைக் காசுகளும் இதில் அச்சாகின.

இரும்போடு குறைந்தது 10.5 சதவீதம் குரோமியம் சேர்ந்தால்தான் அது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். குரோமியம் காற்றிலுள்ள பிராணவாயுவோடு சேர்ந்து, கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலம் ஒன்றை மேலே போர்த்துகிறது. கீறல் பட்டாலும் காற்று பட்டதும் படலம் தானே மறுபடி வளரும். அதுவே பளபளப்புக்கும் காவல், துருவுக்கும் தடை.

அந்தப் படலத்துக்கு இரண்டு எதிரிகள். முதலாவது குளோரைடு, அதாவது சமையல் உப்பு, பிளீச்சிங் பவுடர், உப்புத் தண்ணீர். இவை படலத்தை ஊசிமுனை போலத் துளைத்துப் புள்ளி புள்ளியாகக் குழி விழச் செய்யும். இரண்டாவது, இரும்பு நார். தேய்க்கும்போது அதன் துகள்கள் ஸ்டீலில் பதிந்து, பிறகு அவை துருப்பிடிக்கும். பாத்திரமே துருப்பிடித்துவிட்டதாக நாம் நினைப்போம்.

லாலாகுடா பணிமனையில் நான் இருந்த காலத்தில் பழைய ரயில் பெட்டிகளுக்குக் கழிவறைப் பக்கமும் வாசல் மூலையும் அரித்துப் போய், தகடு வெட்டி ஒட்டுவதே பெரிய வேலை. ஸ்டெயின்லெஸ் ஸ்டீலால் ஆன எல்.எச்.பி. பெட்டிகள் வந்த பின் அந்த வேலை வெகுவாகக் குறைந்தது. பெரம்பூர் ஐ.சி.எஃப். ஆலையும் 2018இல் பழைய வகைப் பெட்டிகளை நிறுத்திவிட்டு இந்த வகைக்கு முழுமையாக மாறியது. ஸ்டீல் பெட்டிக்கு வைத்த கம்பி பிரஷ்ஷையும் சாணைக் கல்லையும் சாதாரண இரும்பில் தொட விடமாட்டோம். இரும்புத் துகள் ஒட்டக்கூடாது என்பதே காரணம். சமையலறைக்கும் அதே சட்டம் பொருந்தும். இரும்பு தோசைக்கல்லைத் தேய்த்த நாரால் எவர்சில்வர் தட்டைத் தேய்க்காதீர்கள்.

கோடு விழாமல் துடைக்கும் முறை

எனக்குப் பலன் தந்த முறை இது. மூன்று துணி வேண்டும். பலமுறை துவைத்து மெத்தென்று ஆன பழைய வேஷ்டித் துணி மிக நன்று. கஞ்சி போட்ட துணியும், வாசனைத் திரவத்தில் அலசிய துணியும் வேண்டாம், அவையே படலம் விடும்.

1. மின்சாரப் பொருளானால் பிளக்கை எடுத்துவிடுங்கள். அடுப்பு, சிம்னி என்றால் நன்றாக ஆறட்டும்.

2. ஸ்டீல் தகட்டை உற்றுப் பாருங்கள். மெல்லிய இழைகள் ஒரே திசையில் ஓடும். கை எப்போதும் அந்தத் திசையிலேயே போகவேண்டும். வட்ட வட்டமாகத் தேய்த்தால் கீறல் தெரியும்.

3. முதல் துணி: வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் துலக்கும் திரவம் இரண்டு சொட்டு விட்டு, நனைத்துப் பிழிந்து எண்ணெய்ப் பசையைத் துடையுங்கள். எண்ணெய் போகாமல் தண்ணீரால் மட்டும் துடைத்தால் கோடு நிச்சயம்.

4. இரண்டாவது துணி: உப்பில்லாத தண்ணீரில் நனைத்துப் பிழிந்து சோப்பை எடுங்கள். ஆர்.ஓ. குடிநீர் ஒரு டம்ளர் போதும். ஏ.சி. இயந்திரத்திலிருந்து சொட்டும் தண்ணீரையும் பிடித்து வைக்கலாம். அது காற்றின் ஈரம் குளிர்ந்து வந்தது, உப்பு அநேகமாக இராது. துடைக்க மட்டுமே அது, குடிக்க அல்ல.

5. மூன்றாவது துணி: காய்ந்த துணியால் ஈரம் தானே உலரும் முன் ஒற்றி எடுங்கள். முழு வித்தையும் இந்தக் கடைசிப் படியில்தான் இருக்கிறது. குழாய்த் தண்ணீர் தவிர வேறு இல்லாத வீட்டிலும் இதை மட்டும் செய்தால் முக்கால்வாசிக் கோடு மறையும்.

ஏற்கெனவே படிந்த வெள்ளைக் கறைக்கு, வினிகரைச் சம அளவு தண்ணீரில் கலந்து துணியில் தொட்டு ஐந்து நிமிடம் ஒற்றி வைத்து, நல்ல தண்ணீரால் துடைத்து, உலர்த்துங்கள். சுண்ணாம்புப் படிவம் அமிலத்தில் கரையும். நம் ஊர் எலுமிச்சம்பழமும் புளியும் செய்யும் வேலை இதுவே. சில புது ஃபிரிட்ஜ்களில் கைரேகை படியாதிருக்க மேல்பூச்சு உண்டு. அவற்றுக்குக் கையேட்டில் சொன்னதை மட்டும் செய்யுங்கள். இன்னொரு எச்சரிக்கை: ஷாபாத் கல், தாண்டூர் கல், சலவைக்கல் மூன்றும் சுண்ணாம்பு இனம். தரையிலோ மேடையிலோ வினிகரும் எலுமிச்சையும் சிந்தினால் பளபளப்பு அரித்துப் போகும்.

தேங்காய் எண்ணெய் தடவினால் பளபளக்கும் என்பார்கள். அன்றைக்குப் பளபளக்கும். சமையல் எண்ணெய்கள் நாளடைவில் பிசுக்காகித் தூசியைப் பிடிக்கும். வேண்டுமானால் குழந்தைகளுக்கான பேபி ஆயில் ஒரே சொட்டைத் துணியில் விட்டு ஃபிரிட்ஜின் வெளிக்கதவுக்கு மட்டும் தடவி, காய்ந்த துணியால் எடுத்துவிடலாம்.

பொருளுக்கு ஏற்ற கவனம்

*எலக்ட்ரிக் கெட்டில்:* உள்ளே படியும் வெள்ளை ஓடு, கொதிகலன் ஓட்டின் தம்பி. கிரானா கடையில் 'நிம்ம உப்பு' என்று கேட்டால் சிட்ரிக் அமிலம் தருவார்கள். ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு ஸ்பூன் போட்டுக் கொதிக்க வைத்து அரைமணி விட்டுக் கொட்டுங்கள். பிறகு வெறும் தண்ணீரை ஒரு முறை கொதிக்க வைத்துக் கொட்டிவிடுங்கள்.

*அலுமினியக் குக்கர், இட்லிக் கொப்பரை:* கடினத் தண்ணீர் கொதித்தால் உட்புறம் கறுக்கும். அடித் தண்ணீரில் ஒரு துண்டு புளியோ எலுமிச்சைத் தோலோ போட்டு வைக்கும் நம் பழைய வழக்கத்துக்குக் காரணம் இதுதான். லேசான அமிலம் கறுப்பு ஏறவிடாது.

*ஸ்டீல் குக்கர்:* அடியில் வானவில் நிறம் தெரிந்தால் பயப்பட வேண்டாம். சூட்டில் மேற்படலம் தடித்ததன் அடையாளம். வினிகரோ எலுமிச்சையோ போக்கிவிடும். பாத்திரத்தில் உப்பு போடுவதானால் தண்ணீர் கொதித்த பின் போட்டுக் கலக்குங்கள். பச்சைத் தண்ணீரில் போட்ட கல்லுப்பு அடியில் தங்கிக் குழி விழச் செய்யும்.

*சிம்னி:* ஸ்டீல் வடிகட்டியை வெந்நீரிலும் பாத்திரச் சோப்பிலும் ஊறவைத்துக் கழுவலாம். அலுமினிய வலையானால் சலவைச் சோடா, காஸ்டிக் சோடா கூடவே கூடாது. காரம் அலுமினியத்தைத் தின்னும்.

*கண்ணாடி அடுப்பு:* சூடாக இருக்கும்போது குளிர்ந்த தண்ணீர் படக்கூடாது, வெடிக்கும். பாயசம் பொங்கி வழிந்தால் ஆறிய பின் ஈரத்துணியைப் போட்டு ஊறவைத்துத் துடையுங்கள்.

*மிக்சி:* அடிப்பாகத்தில் மோட்டார் இருக்கிறது. பிழிந்த துணி மட்டுமே, தண்ணீர் ஊற்றக் கூடாது.

*சிங்க்:* இரவில் காய்ந்த துணியால் ஒரு முறை ஒற்றிவிடுங்கள். ஈரமான இரும்புச் சட்டியை அதில் விட்டு வைக்காதீர்கள்.

உயிருக்கு ஆபத்தானது ஒன்று

உப்புக் கறை போகவில்லை என்று சிலர் கழிவறை கழுவும் அமிலத்தைச் சமையலறைக்குக் கொண்டு வருகிறார்கள். அதில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் உண்டு. ஸ்டீலைக் கறுக்கச் செய்து நிரந்தரமாகக் கெடுத்துவிடும். மூடி சரியில்லாத பாட்டிலைச் சிங்க்கின் அடியில் வைத்தாலே அதன் ஆவி ஸ்டீலை அரிக்கும்.

அதைவிட முக்கியம்: அமிலத்தையும் பிளீச்சிங் பவுடர் அல்லது பிளீச் திரவத்தையும் ஒருபோதும் ஒன்றாகச் சேர்க்காதீர்கள். வினிகரும் பிளீச்சும்கூடச் சேரக்கூடாது. குளோரின் வாயு கிளம்பும். ஜன்னல் மூடிய சிறிய சமையலறையில் அது நுரையீரலைத் தாக்கி உயிருக்கே ஆபத்தாகலாம். தப்பித் தவறி நேர்ந்துவிட்டால் அங்கே நின்று அலசிக்கொண்டிருக்காமல் எல்லோரும் உடனே திறந்த வெளிக்கு வாருங்கள். இருமலோ மூச்சுத் திணறலோ இருந்தால் தாமதிக்காமல் மருத்துவமனை செல்லுங்கள். வேலைக்கு வருபவர்களுக்கு அவர்கள் மொழியில் இதை ஒரு முறை சொல்லி வையுங்கள். பாட்டிலில் உள்ள எழுத்தைப் படிக்க அவர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். வாங்கி வைத்தவர்கள் நாம்.

குடத்துக்கு வருவோம்

மாரேட்பள்ளி சகோதரியின் அம்மா வீடு காவேரிக் கரையில் இருக்கிறது. ஆற்றுத் தண்ணீரில் கழுவி, பழைய வேஷ்டித் துணியால் துடைத்து, வெயிலில் கவிழ்த்து வைப்பார்களாம். மாதம் ஒரு முறை புளி போட்டுத் துலக்குவார்களாம். தண்ணீரும் நல்லது, துடைத்த கையும் நல்லது. இங்கே தண்ணீர் நம் கையில் இல்லை. காய்ந்த துணி இருக்கிறது.

எங்கள் வீட்டு வேலைக்கார அம்மா ஒரு நாள் விட்டு மறுநாள் வந்தார். மீட்டரைக் காட்டி, வாளித் தண்ணீரின் எண்ணையும் குடிநீரின் எண்ணையும் அவரையே பார்க்கச் சொன்னேன். "தப்பு என்னுடையது அம்மா, உங்களைச் சொன்னது பிசகு" என்றேன். அவர் ஒன்றும் பேசாமல் அந்த வாளியைத் தூக்கிக்கொண்டு போய்க் கழிவறையில் ஊற்றிவிட்டு வந்தார். இப்போது ஆர்.ஓ. கழிவு நீர் எங்கள் வீட்டில் அதற்கும் தரை மெழுகவும் மட்டும்தான். ஃபிரிட்ஜ் கதவுக்கு ஒரு டம்ளர் குடிநீரும் என்னுடைய பழைய வேஷ்டி ஒன்றும் ஒதுக்கியிருக்கிறோம். கடைசியில் காய்ந்த துணியால் ஒற்றும் வேலை என்னுடையது.